ஒரு அடி பின்னாடி

சாராள்: …பூசணிக்காய் அடுக்கச் சொல்றான். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து சர்ச் கொயர்ல பாடறவளை.

லாசரஸ்: மெதுவா பேசு. பிளாட்ஃபாரம் முழுக்கக் கேக்குது.

சாராள்: கேக்கட்டும். தாம்பரம் ஸ்டேஷன்ல யாரு யாரைக் கவனிக்கறாங்க.

லாசரஸ்: சுந்தர்சிங் கொயர் மாஸ்டர், அவனுக்கு அவன் கவலை. நாளைக்கு அறுப்பின் பண்டிகை. ‘கொஞ்ச நாளா சோப்ரானோவுல அக்கா குரலே கேக்கலை, காய்கனி அலங்காரத்தைப் பாத்துக்கட்டும்’னான். அவ்வளவுதானே.

சாராள்: எல்லார் முன்னாடியும் சொன்னான். என் பக்கத்துல பாடற ஜோவிதா சிரிச்சா. நீங்க செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னீங்க.

லாசரஸ்: நான் என்ன பண்றது…

சாராள்: புருஷன்தானே நீங்க.

லாசரஸ்: …கடலை வாங்கட்டுமா?

சாராள்: பேச்சை மாத்தாதீங்க. மேல் நோட்டு எனக்கு எட்டலை, அது நிஜம். பீரியட்ஸ் நின்னதும் குரல் இறங்கிடுச்சு…

லாசரஸ்: ஸ்ஸ்… பக்கத்துல ஆள் இருக்கு.

சாராள்: அவர் வீட்லயும் பொம்பளைங்க இருப்பாங்க. மேல போச்சு, சரி. கீழ நல்லா வருது. மேல் குரல் சோப்ரானோதான் முடியாது, ஆம்பளைங்க பாடற டெனர் முடியும். நாளைக்கு உங்க பக்கத்துல வந்து நிக்கப்போறேன்.

லாசரஸ்: எது… ஆம்பளைங்க வரிசையிலயா? விளையாடறியா?

சாராள்: பெரிய வரிசை. உங்ககூட நின்ன எபி பெங்களூர் போனதுலேர்ந்து டெனர்ல நீங்க ஒருத்தர்தான். அதுவும் எனக்கு நேர் பின்னாடி. நான் ஒரு அடி பின்னாடி வரணும், அவ்வளவுதான்.

லாசரஸ்: ஒருத்தன் போதும். சுந்தர்சிங்கே சொன்னானே, ‘அண்ணா, இந்த வருஷம் டெனர் சுத்தமா இருக்கு’ன்னு.

சாராள்: சொன்னான். கேட்டேன்.

லாசரஸ்: அப்புறம் என்ன? சேலை கட்டிக்கிட்டு நீ அங்க வந்து நின்னா கமிட்டி சும்மா விடுமா?

சாராள்: கமிட்டிக்குத் தொண்டை இருந்தா வந்து பாடச் சொல்லுங்க. நான் கொய்யாவும் கரும்பும் அடுக்கறேன்.

லாசரஸ்: டெனர்னா சும்மா இல்ல சாராள். சோப்ரானோ பாடற மெலடி உன்னை இழுத்துக்கிட்டே இருக்கும். பாதிப் பேர் ரெண்டாவது வரியிலயே அதோட போயிடுவாங்க…

சாராள்: இழுக்கும். ஜோவிதா காதுக்குள்ளயே கத்துவா. காலை ஊனிக்கிட்டு, நம்ம நோட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நின்னுட்டோம்னா… கடைசி வரியில நாலு குரலும் ஒண்ணா வந்து சேரும் பாருங்க, நெஞ்செலும்பே அதிரும். அதுல நம்ம குரல் எதுன்னு நமக்கே தெரியாது. ஆனா நாம விட்டா அது உடைஞ்சுடும். எனக்கு அதைவிட சந்தோஷம் வேற கிடையாதுங்க. அதை விட்டுட்டுப் போய் பூசணிக்காயா?

லாசரஸ்: …வீம்பு பிடிக்காதே.

சாராள்: வீம்புதான். பாடிக் காட்டவா?

லாசரஸ்: இங்கயா… வேணாம், வேணாம்…

சாராள்: ஸோ ஸோ லா ஸோ… ஃபா… மீ.

லாசரஸ்: எதிர்ல ஒருத்தர் போன்ல எடுக்கறாரு.

சாராள்: எடுத்துக்கட்டும். லா எட்டிச்சா, இல்லையா?

லாசரஸ்: எட்டிச்சு.

சாராள்: அப்ப நாளைக்கு நிக்கறேன்.

லாசரஸ்: என் பக்கத்துல மட்டும் வேணாம். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

சாராள்: ஏன்? பொம்பளைங்கறதாலயா?

லாசரஸ்: அது இல்ல…

சாராள்: பின்ன?

லாசரஸ்: செங்கல்பட்டு வண்டி வந்துடுச்சு. எழுந்திரு.

சாராள்: போகட்டும், கூடுவாஞ்சேரிக்கு இதுவே கடைசி வண்டி இல்ல. காரணம் சொல்லாம ஏற மாட்டேன்.

லாசரஸ்: …பக்கத்துல நின்னா உனக்குத் தெரிஞ்சுடும்.

சாராள்: என்ன தெரியும்?

லாசரஸ்: எனக்குத் தொண்டை போயிடுச்சு சாராள். ஈஸ்டர்லேர்ந்து நான் பாடவே இல்ல. வாயை மட்டும் அசைக்கறேன். எனக்கு முன்னாடி நின்னு டெனர் பாடினது நீதான்… உன் குரல் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அவன் பாராட்டினப்போ தலையை ஆட்டினேன். இன்னைக்கு உன்னை வெளிய அனுப்பினப்பவும் வாயைத் திறக்கலை. நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்கலாம்னு இருந்தேன்.

சாராள்: முதல் நாளே தெரியுங்க. பின்னாடி சத்தம் நின்னுபோச்சேன்னுதான் உங்க லைனை நான் எடுத்தேன், நாலு பேர் முன்னாடி நீங்க அவமானப்படக் கூடாதுன்னு. நாளைக்கு அப்படி இல்ல. நாளைக்கு எனக்காகப் பாடறேன்… நீங்க கொஞ்சம் ஒதுங்கி எடம் விடுங்க.