டீ கப் சைஸ் குட்டி

பஸ் கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்டை நெருங்கும்போது, முன் இருக்கையில் மடியில் நாய்க்குட்டியோடு இருந்த பெண், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "டீ கப் சைஸ், இதுக்கு மேல வளராதுன்னு சொல்லித்தானுங்க்கா குடுத்தாங்க."

"தாய் நாயைப் பாத்தியா கண்ணு?"

"போன்ல போட்டோதான் பாத்தேனுங்க. இந்த செக்போஸ்ட்லதான் மாம்பழப் பொட்டில வெச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. சின்ன ஜாதி நாயே இல்ல, பால்குடி மறக்காத குட்டின்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்பப் பெருசாயிருமே. திருப்பிக் குடுக்கப் போறியா?"

குட்டி அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க்கா. எந்நேரமும் இப்படித்தான் சப்பிட்டே இருக்குது. குட்டி போட்ட ஊடு எதுன்னு இங்க எறங்கி விசாரிக்கோணும். ஒருக்கா அம்மாகிட்டப் பால் குடிச்சுட்டு, எங்கூட வந்துரட்டும்."