ரெண்டு இடத்துல அடிக்கிற போன்

— இல்லண்ணே, நான் எடுக்கவே இல்ல. லேப்டாப்புல ரெண்டு தடவ அடிக்குது, நின்னுடுது. போய்ப் பாத்தா, யார் நம்பர்னுகூட இல்லாம, நான் பேசி முடிச்சதா மட்டும் காட்டுது.

— பொறும்மா, பொறு. ஆபீஸ்ல உன் மேஜைக்கு என்ன நம்பர்?

— இருநூத்திப் பதினாலு. நீங்கதானே அதை வீட்டுக்கு இழுத்து விட்டீங்க.

— இழுக்க அது என்ன ஒயரா? இன்டர்நெட் வழியா அதே நம்பர் உன் லேப்டாப்புலயும் அடிக்கிற மாதிரி பண்ணிக் குடுத்தேன்.

— லேப்டாப்புலயும்னா? வேற எங்க அடிக்குது?

— பொறு. இப்ப உன் மேஜைகிட்டதான் நிக்கிறேன். அட, இங்க இருக்கிற போனும் உசுரோடதான் இருக்கு. கழட்டணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு. ரெண்டு இடத்துலயும் அடிக்கும்மா. முதல்ல யார் எடுக்கிறாங்களோ அங்க போயிடும். இன்னொண்ணு வாயை மூடிக்கும்.

— அப்ப யாரோ என் மேஜைல உக்காந்து எடுக்கிறாங்க.

— யாரு இருக்கா? இந்த மாடியே காலி. எல்லாரும் உன்னை மாதிரி வீட்லதான். நாற்காலி எல்லாம் ஒரு விரக்கடை தூசு. பொறு, உன் நாற்காலில மட்டும் இல்லையே.

— விளையாடாதீங்கண்ணே. லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க கூப்பிடுற நம்பர் இது. எவரோ எடுத்து எதையோ சொல்லிட்டு வெச்சா, என் கழுத்துக்குத்தான் கத்தி.

— பொறு, கால் வந்த பட்டியலைப் பாக்கிறேன். நீ எடுக்கலன்னு சொல்ற காலெல்லாம் ஒரே நம்பர்லேருந்து வந்திருக்கு. தினம் சாயங்காலம் நாலு மணி. இருபத்திரெண்டு நிமிஷம், முப்பத்தஞ்சு நிமிஷம், நேத்து நாப்பது. லிஃப்ட்ல மாட்டினவன் நாப்பது நிமிஷம் நிதானமா பேச மாட்டான்மா.

— நம்பரைச் சொல்லுங்க.

— கடைசியில எழுபது, அறுபத்தெட்டு.

— அது எங்கம்மா நம்பர்.

— அப்ப நீதான் பேசியிருக்கே.

— ரெண்டு மாசமா அம்மா எனக்குப் போனே பண்ணலண்ணே. வேலை நேரத்துல கூப்பிடாதேன்னு நான்தான் கடுப்புல சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டாங்கன்னு இருந்தேன். எனக்குத் தலை சுத்துது.

— எனக்கும்தான்.

— இல்ல, கேளுங்க. போன ஞாயித்துக்கிழமை பாக்கப் போனேன். ‘கண் ஆபரேஷன்னா பயமா இருக்குன்னு சொன்னேனே’ன்னாங்க. எப்பம்மான்னேன். ‘போன்லதான்’னாங்க. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு, ‘உங்கிட்ட இல்லயோ? சரி, விடு’ன்னுட்டாங்க. அதுக்கு முந்தின வாரமும் இதே மாதிரிதான். ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். அவன் அழுதுட்டான்.

— அவங்களுக்கு ஒண்ணும் தப்பலம்மா. நான் பண்ண வேலைதான் தப்பு. பொறு, பக்கெட் சத்தம் கேக்குது. நம்ம மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா வர்றாங்க. யக்கா, இப்படி வாங்க. இந்த போனை நீங்க எடுக்கிறதுண்டா?

— எடுத்தேன் சார். பொய் சொல்லல. வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க.

— எங்கிட்ட சொல்லாதீங்க. நாலு மணிக்குக் கூப்பிடுற அந்தம்மாவோட பொண்ணு ஸ்பீக்கர்ல இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்க.

— மேடம், பொய் சொல்லல. முதல் நாள் விடாம அடிச்சுது. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டுத் தவிக்கிறாங்களோன்னு எடுத்துட்டேன். அந்தம்மா எடுத்த எடுப்புல ‘சாப்பிட்டியா’ன்னாங்க. இந்தக் கட்டடத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்.

— தினமும் அப்படி என்ன பேசுவீங்க?

— என்னென்னமோ பேசுவோம். கண்ணு சரியாத் தெரியாம பாலைக் கீழே ஊத்தினது. உங்க அப்பா சட்டையை எல்லாம் இன்னும் துவைச்சு மடிச்சு வெக்கிறது. அதுல ரெண்டை என் வீட்டுக்காரருக்குத் தரட்டுமான்னாங்க. வேணாம்மா, உங்க பொண்ணைக் கேட்டுக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

— அப்பா சட்டையை வெச்சிருக்கிறதே எனக்குத் தெரியாது.

— பொறும்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. மேஜை போனை இப்பவே கழட்டிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. இனிமே அவங்க கூப்பிட்டா நேரா உனக்கே வந்துடும்.

— இருங்கண்ணே. அக்கா, முதல்ல நான்னு நெனச்சுதானே அம்மா பேச ஆரம்பிச்சாங்க. நான் அவ இல்லம்மான்னு எப்பதான் சொன்னீங்க?

— முதல் நாளே சொல்லிட்டேன் மேடம். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்துது. தப்பா வருதும்மா, கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்கன்னேன். ‘இல்லம்மா, நாலு மணிக்கு அவ மீட்டிங்ல இருப்பா, எடுக்க மாட்டா. அதனாலதான் நாலு மணிக்குக் கூப்பிடுறேன்’னாங்க.