ஒரு பல் தள்ளி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வருபவர்கள் முதலில் பெட்ரோல் டாங்கின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா. நீங்கள் விசாரணைக்கு உட்கார்த்தி வைத்திருக்கும் தபால்காரர் அப்படிப்பட்ட அபூர்வ மனிதர். வண்டியை விற்பதற்கு முன் பின்சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவைப் புதிதாகப் போட்டுக் கொடுத்ததாக அவர் சொல்கிறார். விபத்துக்குப் பின் நீங்கள் பிரித்தபோது தேய்ந்த ஷூ இருந்ததால் அவரைப் பொய்யர் என்கிறீர்கள். அவர் சொல்வது உண்மை. புது ஷூவை நான் கண்ணால் பார்த்தேன்.

வண்டியை வாங்கியவர் என் தங்கையின் கணவர். எங்கள் பெற்றோர் இறந்தபோது அவளுக்கு வயது ஒன்பது. கார்புரேட்டர் கழற்றப் பழகிய அதே ஆண்டில்தான் அவளுக்குச் சடை பின்னிவிடவும் பழகினேன். திருமணத்துக்குப் பின்னும் இருவரும் என் வீட்டு மாடியறையில்தான் இருந்தார்கள். அணைக்கட்டுக்கு அப்பாலுள்ள மருத்துவமனையில் மாப்பிள்ளைக்கு ஆய்வக வேலை கிடைத்ததும், அந்தப் பக்கமே வீடு பார்த்துவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்த அன்று மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார்.

"மச்சான், வண்டிக்கு வயசு எட்டு. ஆனா உங்க ஸ்கூட்டர் மாதிரி இருமாது."

"என் ஸ்கூட்டர் இருமினாலும் வீடு வந்து சேர்ந்துடும், மாப்ளே."

தங்கை சிரித்தாள். "நீ ஒரு தடவ கை வெச்சுட்டா போதும்ணா. அப்புறம் நாங்க பாட்டுக்குக் கிளம்பிடுவோம்."

நாங்கள் பாட்டுக்கு. அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பின்பிரேக் தேய்ந்தால் மிதி தொளதொளவென்று கீழே போகும். ஷூவை மாற்றுவதுதான் முறை. சில பட்டறைகளில் மாற்றமாட்டார்கள். சக்கரத்தின் பக்கத்தில், பற்களைக் கவ்வி நிற்கும் சிறு நெம்புகோலைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். மிதி விறைத்துக்கொள்ளும். தெருவில் ஓட்டினால் வண்டி நிற்கும். நீண்ட இறக்கத்தில் நிற்காது. அப்படிச் செய்பவர்களை நான் முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன். என் பட்டறையில் அந்த வேலை ஒரே ஒரு முறைதான் நடந்தது. புது ஷூவைக் கழற்றினேன். கழிவுத் தகர டப்பாவில் கிடந்த தேய்ந்த ஜோடியைத் துடைத்துப் பொருத்தினேன். நெம்புகோலை ஒரு பல் தள்ளினேன். மாப்பிள்ளை தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்து, "கல்லு மாதிரி பிடிக்குது மச்சான்" என்றார். வேலை சுத்தம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முன்பிரேக்கை நான் தொடவில்லை. வண்டி உங்கள் முற்றத்தில்தான் இருக்கிறது, சோதித்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் அணைக்கட்டு இறக்கத்தில் சாலையோரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள்? வலது கால் மிதியை அடிவரை அழுத்தியிருந்தது. கைவிரல்கள் முன்பிரேக்கை நோக்கி ஒருமுறைகூட நீளவில்லை. போன மாதம் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் நாள் சரளையில் சறுக்கியபோது, "முன்பிரேக்க மட்டும் தொடாதீங்க மாப்ளே, தூக்கி அடிச்சிடும்" என்றேன். சரளைக்கு அது பொருந்தும். நல்ல சாலைக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அவர் என் சொல்லைத் தட்டாதவர்.

கொல்ல நினைத்தேனா என்று கேட்பீர்கள். காலோ கையோ முறியும், வேலை கைநழுவும், இருவரும் மாடியறையிலேயே தங்கிவிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன் என்று இன்று காலைவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இறக்கத்தின் அடியில் லாரிகள் திரும்பும் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை தங்கையும் புது வீட்டைப் பார்க்கச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் தனியாகப் போனார். செய்தி வந்தபோது அவள் என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி சுடவில்லை என்பது அவள் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்தே கொன்றேன்.

தபால்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்னை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் சொன்னால் நல்லது. தங்கைக்குச் சமைக்க ஆளில்லை. அவள் மாடியிலிருந்து இறங்கி, சிறுவயதில் இருந்த அறைக்கே வந்துவிட்டாள். என் காலடி கேட்டதும் உள்ளே தாழிட்டுக்கொள்கிறாள். துருவேறிய தாழ்ப்பாள் அவள் கைக்குச் சிரமமாக இருந்தது. நேற்று அவள் குளிக்கப் போயிருந்தபோது எண்ணெய் விட்டு வைத்தேன். இப்போது ஒரே தள்ளில் விழுகிறது. என் வீட்டைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்பது அவளுக்கு இப்போதாவது புரிந்திருக்கிறது.