எண்ணாமல் விட்ட நிமிடங்கள்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை... சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். நம் எக்ஸ்ரே எடுக்கிற அக்காவின் அத்தான் இருக்கிறாரே, மூளை ஆபரேஷன் டாக்டர், அவருக்கு நடந்தது இது.

தனியாகக் கார் ஓட்டி வீட்டுக்குப் போகிறார். மனம் முழுக்க அவமானம். முந்தின நாள் ஒரு பஸ் டிரைவருக்கு ஆபரேஷன் செய்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மெலிந்து கொப்புளமாய் வீங்கியிருந்தது. அதன் கழுத்தில் கிளிப் போட வேண்டும். போட்டு முடிக்கும்வரை பெரிய குழாயையே கொஞ்ச நேரம் அடைத்து வைப்பார்கள். அடைத்தால் அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் போகாது. அதனால் ஒவ்வொரு நிமிடத்தையும் நர்ஸ் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த அறையில் அதுதான் சட்டம்.

"அஞ்சு நிமிஷம், டாக்டர்."

கிளிப் சரியாக உட்காரவில்லை. அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நொய் நொய்னு எண்ணாதீங்க சிஸ்டர். எனக்குத் தெரியாதா?"

நர்ஸ் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை... அவரும்தான்.

டிரைவர் கண் விழிக்கவே இல்லை. மறுநாள் ராத்திரி உயிர் போயிற்று. "குழாய் தானாவே வெடிச்சிருச்சும்மா" என்று டிரைவரின் மனைவியிடம் டாக்டர் சொன்னார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களால ஆனதெல்லாம் பண்ணீங்க சார்" என்றாள். கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போல அவருக்குக் கூசியது.

காரில் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. திடீரென்று உள்ளே ஒரு வாடை... மண்டை எலும்பைத் துளைக்கும்போது வருமே, அந்தக் கருகல்.

பின் சீட்டிலிருந்து ஓர் ஆண் குரல். தணிவாக, மரியாதையாக...

"ஆறு."

ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சரியாக ஒரு நிமிடம் கழித்து, "ஏழு." நர்ஸ் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது.

வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போடும்போது, "பதினாலு." அதோடு நின்றுவிட்டது.

பிணவறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. விடிந்தால்தான் உடலைக் கொடுப்பார்கள் என்று அந்த அம்மாள் தனியாகக் காத்திருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. குழாய் வெடிக்கல. நான்தான் ரொம்ப நேரம் அடைச்சு வச்சுட்டேன்."

எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அப்போதும் முழுசாகச் சொல்ல மனசு வரவில்லை, பாருங்கள். "ஒரு... எட்டு நிமிஷம் இருக்கும்."

அவள் தலை நிமிரவில்லை. "பதினாலு, டாக்டர்."

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காரப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்க உக்காராதீங்க. ஆள் இருக்கு."