விழிஞ்ஞத்திலிருந்து வந்த போன்

தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குப் பாதிக்கு மேல் இறங்காது, சார். அம்மா போன பிறகு வந்த பழக்கம். ஸ்ரீவராகத்து வீட்டில் நான் ஒருத்திதான். அதனால் ராகேல் என்னிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவுடனேயே, மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிடச் சொன்னேன். அவள் பாறசாலைப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது. ஆனாலும் எனக்காக ஒரு நாள்கூட மீன் கொண்டுவந்ததில்லை. நான் கேட்டுக்கொண்டதல்ல, அவளாகவே செய்தது.

கடலில் எது எதைத் தின்று வாழ்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் மீன் வாங்கி, வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதைச் சின்னக் குப்பிகளில் போட்டு உறையவைப்போம். கீறுவது ராகேல். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது நான். பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். அந்த மௌனம் வேறு, வீட்டில் இருக்கிற மௌனம் வேறு.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் பிஎச்டி முடித்தாள். நார்வேயில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அவளைப் போஸ்ட்டாக் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் கடலின் உணவு வலையையும் நம்முடையதையும் ஒப்பிட வேண்டும். நம் மழைக்கால மாதிரிகளை அவள் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நானே போய்த் தேங்காய் உடைத்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அவளைப் பற்றி அவர்கள் விசாரித்தபோதும் நல்லதாகத்தான் சொன்னேன்.

அவள் போவது ஒரு வருஷம் தள்ளிப்போனால் மனதைப் பழக்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஜூன் கடைசியில் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. எல்லாரும் கிளம்பிய பிறகு, மாதிரிகள் இருந்த ஃப்ரீஸரின் பிளக்கைப் பிடுங்கினேன். விடுமுறை முடிந்த அன்று முதல் ஆளாக வந்து மறுபடி செருகினேன். கரண்ட் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ராகேல் அழவில்லை. மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு குப்பிகளை ஒவ்வொன்றாகக் கழுவி வைத்தாள். புது மாதிரிகள் சேர்க்க நார்வேக்காரர்கள் செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அது விசைப்படகுகளுக்குத் தடை இருந்த சமயம். கரைக்கு வரும் மீன் குறைவு. அதனால் சிலுவை என்ற மீன்பிடிக்காரரின் சின்னப் படகில் ராகேலே கடலுக்குப் போய்வர ஆரம்பித்தாள். மத்தியானம் என் அறைக்கு வருவது நின்றுபோயிற்று.

அன்று காலை ஆபீஸ் போனை எடுத்தது நான்தான். துறைமுக ஆபீஸிலிருந்து. காற்று பலமாக வீசப் போகிறது, உங்கள் ஆட்கள் யாரும் கடலில் இறங்க வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னார்கள். சொல்லிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் ராகேல் விழிஞ்ஞத்திலிருந்து கூப்பிட்டாள். சிலுவைக்கு வானத்தைப் பார்த்துச் சந்தேகமாம், ஆபீஸில் கேட்டுவிட்டு வரச் சொன்னாராம்.

"வார்னிங் வல்லதும் வந்திருக்கா மேடம்?"

"ஒண்ணும் வரலையே."

"அப்ப போகட்டா? இன்னைக்குக் கிடைச்சா போதும், இதோட எல்லாம் ஆச்சு."

"போயிட்டு வா" என்றேன்.

கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். படகு ஆடும், பயந்துவிடுவாள், இனிமேல் கடலே வேண்டாம் என்று திரும்பி வருவாள் என்றுதான் நினைத்தேன். சிலுவை நீந்திக் கரை சேர்ந்தார். ராகேல் மறுநாள் பூவார் பக்கம் ஒதுங்கினாள். அடையாளம் சொன்னது நான்.

சிலுவைமேல் வழக்கு வந்தது. ஆபீஸில் சரி என்று சொன்ன பிறகுதான் படகை எடுத்தேன் என்றார். ராகேல் அன்று எனக்குப் போன் செய்யவே இல்லை என்று நான் சொன்னேன். என்னை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அவர் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்தும் கடலுக்குப் போவதில்லை என்று கேள்வி.

ராகேலின் அம்மா தாசம்மாள் என்னைவிடக் கொஞ்சம் இளையவள். புருஷன் இல்லை, ஒரே பெண். துக்கம் கேட்கப் போனபோது, மீன் படாத புதுச் சட்டி ஒன்றைத் தேடி எடுத்து எனக்காகச் சமைத்தாள். என்னைப் பற்றி மகள் எல்லாம் சொல்லியிருந்தாளாம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம். சாயங்காலம் வரை அவளுடைய கட்டிலிலேயே படுத்துத் தூங்குவேன்.

"நீங்க வரப்போயித்தான் நான் உயிரோட கெடக்கேன், டாக்டரம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இத்தனை வருஷம் நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன ஞாயிறு, வீட்டை விற்றுவிட்டதாகச் சொன்னாள். பம்பாயில் இருக்கிற தம்பி நேசமணி கூப்பிடுகிறானாம். அடுத்த மாதம் ரயில். இனிமேல் அங்கேதானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. நான் பார்த்திராத முகம் அது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பிறகுதான் யாரும் கூப்பிடாமல் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சிலுவைக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் அல்லவா? ஃப்ரீஸரை நிறுத்தியது நான். எச்சரிக்கையை மறைத்தது நான். காற்று வரும் என்று தெரிந்தேதான் அந்தப் பெண்ணைப் போகச் சொன்னேன். சுப்புலக்ஷ்மி என்று எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சார். வழக்கு மறுபடி நடந்தால் தாசம்மாள் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும் இல்லையா? அது முடிகிற வரைக்கும் அவள் ஊரை விட்டுப் போக முடியாதுதானே?