அரைச் சுற்று

எஞ்சினில் எண்ணெய் சொட்டினால், சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பயனில்லை. எண்ணெய் மேலே எங்கோ கசிந்து, இரும்பைத் தடவிக்கொண்டே இறங்கி, வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் போய், சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் வந்து சொட்டும். உங்கள் நீதிமன்ற நிபுணர், எண்ணெய் கசியாமல் அடைக்கிற பின்பக்க ரப்பர் சீலைப் பார்த்துவிட்டு, என் தம்பி ராதோய் அதைச் சரியாகப் பொருத்தவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. ராதோயும் ஐந்து மாதம் அங்கேதான் தேடினான்.

நான் திஹோமிர். சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபத்தெட்டு வருட வேலை. நாற்பத்தாறு வயதுவரை கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறிதான் போட்டேன். இந்த எழுத்தெல்லாம் தம்பி மனைவி லுபிங்கா சொல்லிக்கொடுத்தது. ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் மூன்றே பேர் என்று ஆனதும் பள்ளியை மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து.

"யாராவது ஒருத்தர் படிக்கணுமே அத்தான். இல்லன்னா எனக்குக் கை அரிக்குது" என்பாள்.

அதே குளிர்காலத்தில்தான் ராதோய் பழைய வேனின் எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு திருகாகப் பார்த்துத் திரும்பக் கட்டினான். வியன்னாவில் முதியோர் விடுதியில் இருவருக்கும் வேலை கிடைத்திருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கிளம்புகிறோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னார்கள். நல்லது என்றேன்.

கிளம்புகிற சமயத்தில் எஞ்சினில் எண்ணெய் சொட்டியது. அந்த முதல் கசிவு உண்மையானது. ராதோய் அதை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டான். சந்தோஷமாகக் கை கழுவப் போனான். எஞ்சினின் பக்கவாட்டில், கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் திருகியிருக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் சிவப்பு விளக்கை எரியவைப்பது அதுதான். அவன் திரும்பி வருமுன் அதை நான் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். அவ்வளவுதான்.

பிறகு சனிக்கிழமைதோறும் தேடினோம். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, துடைத்து, எஞ்சின்மேல் கோதுமை மாவைத் தூவி ஓடவிடுவோம். கசிகிற இடத்தில் மாவு கறுக்க வேண்டும். மாவு தூவுமுன் நான் அந்தச் சாமானை இறுக்கிவிடுவேன். பார்த்து முடிந்ததும் தளர்த்திவிடுவேன். இரண்டு தடவை கியர்பாக்ஸை இறக்கி சீலை மாற்றினான்.

"இந்த மாவுல ரொட்டி சுட்டிருந்தா தெருவே தின்னிருக்கும்" என்று லுபிங்கா சொல்வாள். "உங்க எஞ்சின் தின்னுட்டு ஏப்பம்கூட விட மாட்டேங்குது."

பீன்ஸ் சூப்பைப் பானையோடு கொட்டகைக்கே கொண்டுவருவாள். கிரீஸ் கையோடு மூன்று பேரும் ஒரே பெட்டியின்மேல் உட்கார்ந்து குடிப்போம். அந்த மாதிரி ஐந்து மாதம் எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

ஜூலையில் ஒரு தடவை சிவப்பு விளக்கு மினுக்கியது. ராதோய் அந்தச் சாமானைக் கவனித்துவிடுவானோ என்று, என் எழுத்துப் பயிற்சி நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து மடித்து, அதில் மாட்டுகிற விளக்கு ஒயரின் முனைக்குள் மின்சாரம் போகாதபடி செருகிவிட்டேன். பார்த்தால் மாட்டியிருப்பது போலவே இருக்கும். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. "பல்பு போச்சு போல. வியன்னாவுல மாத்திக்கலாம்" என்றான்.

செப்டம்பரில் விடுதியிலிருந்து கடிதம் வந்தது: பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் வேலை இல்லை. ராதோய் இரண்டு கேன் எண்ணெய் வாங்கி வேனில் ஏற்றினான்.

"சொட்டட்டும் அண்ணே. சொட்டச் சொட்ட ஊத்திக்கிட்டே போறேன். வழி மறந்துபோனா இந்த எண்ணெய்க் கோட்டைப் பிடிச்சே திரும்பி வந்துடலாம்."

"இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வர்றதப் பேசுறான் பாருங்க" என்றாள் லுபிங்கா.

அரைச் சுற்று இனி போதாது. அவர்கள் மூட்டை கட்டும்போது முழுதாக இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.

வழக்கப்படி ஒரு குடம் தண்ணீரை வேனுக்குப் பின்னால் ஊற்றினேன். பயணம் தண்ணீர் போல ஓட வேண்டும் என்பதற்காக. லுபிங்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "தினம் ஒரு பக்கம் எழுதுங்க அத்தான். தபால்ல அனுப்புங்க, திருத்தி அனுப்புறேன்" என்று கத்தினாள்.

மலையேற்றம் தொடங்குமுன்பே எஞ்சின் நின்றுவிடும் என்பது என் கணக்கு. நடந்தே திரும்பி வருவார்கள் என்று அடுப்பில் பீன்ஸ் வைத்தேன். ஆனால் ராதோய் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தான். எண்ணெய் இல்லாமலே அது உச்சிவரை ஏறி, மறுபக்கம் இறங்கியிருக்கிறது. நாலாவது வளைவில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ராதோய் வெளியே விழுந்தான், கால் முறிந்தது. லுபிங்கா வேனோடு பள்ளத்துக்குப் போனாள்.

விளக்கு எரிந்திருந்தால் என்று கேட்பீர்கள். எரிந்திருந்தால் நிறுத்திப் பார்த்திருப்பான். ஒரு ஸ்பேனர் போதும், இறுக்கிவிட்டு வியன்னா போயிருப்பான். அது எனக்குத் தெரியும்.

எட்டு மாதமாக அவன் பாஸ்போர்ட் உங்கள் நீதிமன்றத்தில் இருக்கிறது. அவன் வீட்டில் இருக்கிறான். நான்தான் சமைக்கிறேன். தினமும் சாயங்காலம், "அந்த சீலை ஒழுங்காப் போட்டிருந்தா அவ இருந்திருப்பா அண்ணே" என்பான். "விடுடா, சூப்பு ஆறுது" என்பேன். ஒரு நாள்கூட அவனைக் குறை சொன்னதில்லை.

இப்போது வக்கீல், அவனுக்கு மூன்று வருடம் கிடைக்கும், தூரத்து ஊர்ச் சிறை என்கிறார். அது நியாயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நசுங்கிய வேன் உங்கள் முற்றத்தில்தானே கிடக்கிறது. ஒயர் முனையைப் பிரித்துப் பாருங்கள். காகிதத்தில் என் கோணல் எழுத்து இருக்கும். பக்கத்தில் சிவப்பு மையில் அவள் திருத்தியதும் இருக்கும்.

அவனை விட்டுவிடுங்கள். என்னைப் பக்கத்துச் சிறையிலேயே வையுங்கள். சனிக்கிழமைகளில் அவன் வந்து பார்க்கத் தோதாக இருக்கும். அவன் மனசு இப்போது சரியில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் உடனே கொடுத்துவிடாதீர்கள்.