முதல்ல ஒரு சாரி

உக்காரச் சொல்லாதீங்க சார், உக்காந்தா என் கோவம் குறைஞ்சிடும். இந்தப் பைக்குள்ள உங்க புத்தகம் இருக்கு, நீங்களே எடுங்க. தினசரி ஆங்கிலத் தொடர்கள் முந்நூறு. பதினாலாம் பக்கம் பிரிங்க. பென்சில்ல கோடு போட்டது நான்தான். பஸ்ல நின்னுக்கிட்டே மனப்பாடம் பண்ணது.

இல்ல, பாடம் புரியலன்னு வரல. நல்லாவே புரிஞ்சுது. அதான் வினை.

நான் எங்க வேலை பாக்குறேன்னு ஞாபகம் இருக்கா? ஓட்டல்ல, துணி வெளுக்கிற எடத்துல. ஈர விரிப்பை ரெண்டு பேர் பிடிச்சு உருளைக்குள்ள விடணும், அந்தப் பக்கம் இஸ்திரி ஆகி வரும். உருளைக்கு முன்னால ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டா மெஷின் நின்னுடணும். எங்க மெஷின் நிக்கல. மேனேஜருக்கு நம்ம பாஷை தெரியாது. அவர்கிட்ட இதைச் சொல்றதுக்குத்தான் சார் உங்க வகுப்புல சேந்தேன். மொத நாளே சொன்னேன்ல?

நீங்க என்ன சொன்னீங்க? எடுத்ததும் குறை சொல்லக் கூடாதும்மா, முரட்டுத்தனமா இருக்கும். முதல்ல ஒரு சாரி, அப்புறம் இஃப் யூ டோன்ட் மைண்ட், அப்புறம் ஜஸ்ட் எ ஸ்மால் திங். அப்படியே போய்ச் சொன்னேன். ஒரு தடவை இல்ல, பதினோரு தடவை. அவரும் சிரிச்சுக்கிட்டே நோ வொரீஸ்னாரு. ஒரு நாள், யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்னாரு. எனக்குத் தலகால் புரியல. அன்னைக்குத்தான் உங்களுக்கு சாக்லேட் வாங்கிட்டு வந்தேன்.

என்கூட விரிப்பு பிடிக்கிற அக்கா அப்பவே கேட்டா. ஏன்டி, சொல்லிட்டு வந்தியா, கெஞ்சிட்டு வந்தியா? அவளுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. நான்தான் உனக்கென்ன தெரியும்னு அவ வாயை அடைச்சேன்.

நம்ம பாஷைக்காரரா இருந்திருந்தா, மெஷினை நிறுத்துய்யான்னு கத்தியிருப்பேன். முந்நூறுல அதுக்கு ஒண்ணு இல்ல சார். தேடிப் பாருங்க. மன்னிப்புக் கேக்க மட்டும் இருபத்தாறு இருக்கு.

பன்னெண்டாவது தடவை சொல்ற அவசியம் வரல. மூணு விரல் உள்ள போயிடுச்சு.

போன வாரம் விசாரணை. யாரும் எங்கிட்ட புகார் சொல்லலன்னுட்டாரு மேனேஜர். பொய் சொல்ற மூஞ்சியாவும் தெரியல. சாரி சொல்லிக்கிட்டே வந்து, தேங்க்யூ சொல்லிக்கிட்டே போறவளைப் பாத்தா புகார் சொல்ல வந்தவ மாதிரியா தோணும்?

நாளைக்குள்ள எழுத்துல குடுக்கணும். இல்லன்னா தொழிலாளியோட கவனக்குறைவுன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க. மெஷின் அப்படியேதான் ஓடுது. இன்னைக்கும் அக்கா அதுலதான் நிக்கிறா.

தண்ணியெல்லாம் வேணாம். பேப்பர் எடுங்க. தேதி போடுங்க. என்ன எழுதுறீங்க, வாசிங்க பாப்போம்.

ஐ யாம் சாரி டு... அடிங்க சார் அதை! நல்லா அழுத்தி அடிங்க. பதினோரு தடவை சொன்னேன்னு ஆரம்பிங்க. கம்பி வேலை செய்யலன்னு எழுதுங்க. கைண்ட்லி வேணாம். ப்ளீஸும் வேணாம்.

ம், இப்ப சரி. கீழ கையெழுத்துக்கு மட்டும் கொஞ்சம் பெருசா எடம் விடுங்க. இடது கை எனக்கு இன்னும் பழகல.